நாலு பேர், ஒரு வேன், பிறகு வக்கீல்கள்

ராக் இசைக்குழுக்களைப் பற்றிய டிவி ஆவணப்படங்களில் கதை ஒன்றே ஒன்றுதான். பள்ளிக்கூடத்திலோ ஓவியக் கல்லூரியிலோ சந்திக்கும் நாலு பேர். ஓட்டை வேன். யாரும் வாங்காத முதல் ஆல்பம், எல்லோரும் வாங்கும் மூன்றாவது ஆல்பம். பணம், போதை, கணக்கு காட்டாத மேனேஜர். பாடகரும் கிட்டாரிஸ்டும் முகம் கொடுத்துப் பேசாத சில வருடங்கள். ஒரு சாவு, ஒரு வழக்கு. கடைசியில் நரைத்த தலைகளோடு மறுபடி மேடை. கர்ணன் எப்படிச் சாவான் என்று தெரிந்தே விடிய விடியக் கூத்துப் பார்த்தவர்கள் நாம். முடிவு தெரிந்திருப்பது ஒரு குறையே இல்லை. கூச்சம் வேறு இடத்திலிருந்து வருகிறது. பாட்டே பிடிக்காத ஒரு குழுவின் படத்தைக்கூட, நள்ளிரவில் பாதியிலிருந்து பார்க்க ஆரம்பித்தாலும், எழுந்து போக முடிவதில்லை. அதே குழுவின் ஆல்பம் ஒன்றை முழுதாகக் கேட்கச் சொன்னால் ஆளைக் காணாது.

இந்தப் படங்களை இரட்டைப் படமாகப் பார்க்கலாம். திரையில் ஓடுவது ஒன்று. காட்சிச் சுருள் யார் கையில் இருந்தது, பாட்டு யாருக்குச் சொந்தம், செலவு யாருடையது, பேட்டிக்கு யார் வரவில்லை என்பது இன்னொன்று. இரண்டாவதைப் படிக்கப் பழகிவிட்டால், முதலாவது எவ்வளவு மட்டமாக இருந்தாலும் பொழுது வீணாகாது.

கதையை அச்சில் வார்த்ததில் பெரிய பங்கு அமெரிக்காவின் விஎச்1 என்ற இசைச் சேனலுக்கு. அதன் 'பிஹைண்ட் தி மியூசிக்' தொடர் 1997 ஆகஸ்டில் தொடங்கியது. முதல் அத்தியாயத்துக்கு எடுத்துக்கொண்டது மில்லி வனில்லி: தங்கள் பெயரில் வந்த ஆல்பத்தில் ஒரு வரிகூடப் பாடாமல் கிராமி விருது வாங்கி, 1990இல் அதைப் பறிகொடுத்த இருவர். ஒரு மணி நேர நிகழ்ச்சி என்றால் விளம்பரம் போக முக்கால் மணிக்கும் குறைவாகவே படம் மிஞ்சும். ஒவ்வொரு விளம்பரத்துக்கு முன்பும் பார்ப்பவர் ரிமோட்டைத் தொடாமலிருக்க ஒரு தூண்டில் போட்டாக வேண்டும். பின்னணிக் குரல் தாழ்ந்து, "ஆனால் அந்த இரவு..." என்று நிறுத்துவது அதற்காகத்தான். ஒரு குழுவின் பத்தாண்டு வாழ்க்கை இப்படி விளம்பர இடைவேளைகளின் எண்ணிக்கைக்கு ஏற்ப நறுக்கப்பட்டது. பிபிசியில் விளம்பரம் கிடையாது. அதனால் அங்கே வீழ்ச்சி நிதானமாக வரும். சில படங்களில் வரவே வராது, சிந்தசைசர் என்ற மின்னணு இசைக்கருவியை முதன்முதலில் எப்படிச் சொந்தமாகச் செய்தார்கள் என்பதே கால் மணி நேரம் ஓடும். என் ஓட்டு அந்தக் கால் மணி நேரத்துக்கு.

விஎச்1 பாணி எவ்வளவு பழகிவிட்டது என்றால், 2000இல் 'தி சிம்ப்சன்ஸ்' கார்ட்டூன் தொடர் அதைக் கேலி செய்து ஓர் அத்தியாயம் போட்டபோது, அசல் தொடருக்குக் குரல் கொடுத்த ஜிம் ஃபோர்ப்ஸே வந்து பேசினார். ஆனால் பெரிய கேலி அசலுக்கு முன்பே வந்துவிட்டது. ராப் ரைனர் இயக்கிய 'திஸ் இஸ் ஸ்பைனல் டாப்' 1984ஆம் வருடத்துப் படம். இல்லாத ஒரு குழுவைப் பற்றிய பொய் ஆவணப்படம் அது. அடுத்தடுத்துச் சாகும் டிரம்மர்கள், ஒலி அளவு பத்தோடு நிற்காமல் பதினொன்று வரை போகும் ஆம்ப்ளிஃபையர். அதற்குப் பிறகு எந்த நிஜக் குழு கேமரா முன்னால் நின்றாலும் ஸ்பைனல் டாப் சாயல் வந்து ஒட்டிக்கொள்கிறது. கனடாவின் ஆன்வில் குழுவைப் பற்றி 2008இல் வந்த படத்தில், அந்தக் குழுவின் டிரம்மர் பெயரே ராப் ரைனர். எழுத்துக்கூட்டலில் மட்டும் ஒரு எழுத்து கூடுதல். திரைக்கதையில் எழுதியிருந்தால் எடிட்டர் வெட்டியிருப்பார்.

பேட்டிகளைக் கவனிக்க ஆரம்பித்தால் பல விஷயம் பிடிபடும். கேள்வி கேட்பவர் குரலை வெட்டிவிடுவதால், கேள்வியையும் சேர்த்துப் பதில் சொல்லும்படி முன்பே கேட்டுக்கொள்வார்கள். "ஆமாம், அப்போதுதான்" என்று தொடங்கும் பதில் எடிட்டருக்கு உதவாது. "1974இல் நாங்கள் லண்டனுக்குப் போனபோது" என்று தொடங்க வேண்டும். குழுவினரைத் தனித்தனியாக உட்கார வைப்பதற்கு மரியாதை மட்டும் காரணமல்ல. தனியாக உட்கார்ந்தவர் சொன்னதற்கு, வேறு ஊரில் வேறு மாதத்தில் இன்னொருவர் சொன்னதை ஒட்டினால் நேருக்கு நேர் சண்டை தயார். முகம் தெரியப் பேசிக்கொண்டிருப்பவரை வாக்கியத்தின் நடுவில் விட்டுவிட்டுப் பழைய புகைப்படத்துக்குத் தாவினால் காதைத் தீட்டிக்கொள்ளுங்கள். அந்த மறைவில்தான் ஒட்டுவேலை நடக்கும். இரண்டு பாதி வாக்கியங்களை இணைக்கும் இடத்தில் மூச்சு வாங்கும் ஒலி காணாமல் போயிருக்கும். அல்லது கேள்வியாக உயர்ந்திருக்க வேண்டிய குரல் திடீரென்று தரைக்கு இறங்கும்.

பழைய மேடைக் காட்சிகளிலும் இதே சோதனை. பல சுருள்கள் ஒலியில்லாமல் எடுக்கப்பட்டவை. அவற்றின் மீது ஸ்டூடியோப் பதிவைப் போட்டு, கூட்டத்தின் இரைச்சலைத் தூவிவிடுவார்கள். பாடகரின் உதட்டைப் பார்த்தால் குட்டு வெளிப்படும்: ப, ம போன்ற ஒலிகளுக்கு உதடு மூடியே ஆக வேண்டும். உதடு மைக்குக்குப் பின்னால் மறைந்திருந்தால் டிரம்மரின் இடது கையைப் பாருங்கள். ஸ்னேர் என்ற நடு டிரம்மின் அடி காதில் விழும்போது குச்சி மேலே இருந்தால் அது வேறு பாட்டு. சூப்பர் 8 என்ற வீட்டுக் கேமராச் சுருள் பெரும்பாலும் நொடிக்கு 18 பிரேம் வேகத்தில் எடுக்கப்பட்டிருக்கும். அதை ஐரோப்பிய டிவியின் 25இல் ஓட்டினால் எல்லோரும் சாப்ளின் மாதிரி நடப்பார்கள், அல்லது குழுவே ஏதோ மாத்திரை போட்டிருப்பதாக நாம் நம்பிவிடுவோம். அறுபதுகள் என்றால் ஹெலிகாப்டர், நிலவில் கால் வைத்தது, ஊர்வலம் என்று வரும் அந்த முப்பது நொடிக் கதம்பத்தைப் பற்றிச் சொல்ல ஒன்றுமில்லை. தண்ணீர் குடித்துவிட்டு வரலாம்.

பாட்டு விஷயத்துக்கு வருவோம். படத்தின் உருவத்தையே தீர்மானிப்பது இதுதான். ஒரு பதிவில் இரண்டு சொத்துகள் இருக்கின்றன. இசையும் வரிகளும் சேர்ந்த பாட்டு ஒன்று. அது எழுதியவருக்கோ அவருடைய இசைப் பதிப்பகத்துக்கோ சொந்தம். அந்தப் பாட்டின் குறிப்பிட்ட ஒலிப்பதிவு இன்னொன்று, அதாவது மாஸ்டர். பெரும்பாலும் ரெக்கார்டு கம்பெனிக்குச் சொந்தம். படத்தில் பதினைந்து நொடி ஓட வேண்டுமானாலும் இரண்டு இடத்திலும் கையெழுத்து வேண்டும். மூன்று பேர் சேர்ந்து எழுதிய பாட்டு என்றால் மூன்று பதிப்பகங்கள் இருக்கலாம், அதில் ஒருவர் குழுவோடு வழக்கில் இருக்கலாம். பலர் ஒரு நிபந்தனையும் போடுவார்கள்: வேறு யாருக்காவது அதிகம் கொடுத்தால் எனக்கும் அதே தொகை. ஆக, ஒரே ஒரு பிடிவாதக்காரர் விலையை ஏற்றினால் பட்ஜெட் முழுவதும் ஏறும். மேடைக் காட்சியாக இருந்தால் அதற்கு மேல் அந்தக் காட்சியின் சொந்தக்காரருக்கும் தனிக் கட்டணம்.

எந்தப் படம் எந்த நிலையில் தயாரானது என்பதைக் காதாலேயே கண்டுபிடிக்கலாம். முழுப் பாட்டு ஓடுகிறதா, குழு உள்ளே இருக்கிறது. ஹிட் பாட்டின் பெயரைச் சொல்லிவிட்டு, அதைப் போலவே ஒலிக்கும் ஆனால் அதுவல்லாத ஒரு கிட்டார் பின்னணியில் கேட்கிறதா, அனுமதி கிடைக்கவில்லை. அப்படிப்பட்ட படங்களில் பத்திரிகையாளர்களும் முன்னாள் ஓட்டுநர்களும் நிறையப் பேசுவார்கள். இவற்றை ஒதுக்கிவிடக் கூடாது. குழுவிடம் கெஞ்ச வேண்டிய அவசியம் இல்லாததால், அந்த ஓட்டுநர் சொல்வது சில சமயம் அதிகாரபூர்வப் படத்தில் கிடைக்காத சங்கதியாக இருக்கும்.

பிபிசி ஃபோர் சேனல் இந்த விஷயத்தில் அதிர்ஷ்டசாலி. பாட்டு எழுதியவர்கள் சார்பில் பிஆர்எஸ், ஒலிப்பதிவுக்காரர்கள் சார்பில் பிபிஎல் என்ற இரண்டு அமைப்புகளோடு பிபிசிக்கு மொத்த உரிம ஒப்பந்தம் உண்டு. பிரிட்டனுக்குள் ஒளிபரப்ப ஒவ்வொரு பாட்டுக்கும் தனியாக அலைய வேண்டாம். 'டாப் ஆஃப் தி பாப்ஸ்', 1971இல் தொடங்கிய 'ஓல்ட் கிரே விசில் டெஸ்ட்' போன்ற நிகழ்ச்சிகளின் சேமிப்பும் சொந்தக் கையிருப்பு. 2009இல் வந்த 'ப்ராக் ராக் பிரிட்டானியா', 'சிந்த் பிரிட்டானியா' போன்ற படங்களில் பாட்டுகள் மழையாகக் கொட்டுவது இதனால்தான். அதே படத்தை வெளிநாட்டுக்கு விற்க நினைத்தால் மொத்த உரிமம் உதவாது. ஒவ்வொரு நொடிக்கும் மறுபடி பேரம். அந்தச் சேமிப்பிலும் பெரிய ஓட்டைகள் உண்டு. வீடியோ டேப் விலை அதிகம் என்பதால் அறுபதுகளிலும் எழுபதுகளின் தொடக்கத்திலும் பிபிசி பழைய நிகழ்ச்சிகளை அழித்து அதே டேப்பில் புதியதைப் பதிந்தது. பிரிட்டிஷ் குழுக்களைப் பற்றிய படங்களில் ஜெர்மனியின் ரேடியோ பிரெமன் எடுத்த 'பீட் கிளப்' காட்சிகள் அடிக்கடி தலைகாட்ட இதுவும் ஒரு காரணம். அவர்கள் வைத்திருந்தார்கள்.

இந்த வகையின் உச்சம் எது என்று கேட்டால், பதிந்த ஒலிகளைக் கலக்கும் மேசையான மிக்ஸிங் கன்சோல் காட்சிதான். தொண்ணூறுகளின் பிற்பகுதியில் பிரபலமான 'கிளாசிக் ஆல்பம்ஸ்' தொடர் ஏறக்குறைய முழுக்க இதிலேயே நிற்கிறது. தயாரிப்பாளரோ இன்ஜினியரோ கன்சோல் முன் உட்காருவார். மாஸ்டர் டேப் ஓடும். ஒலியைக் கூட்டிக் குறைக்கும் ஃபேடர்கள் எல்லாவற்றையும் இறக்கிவிட்டு ஒன்றை மட்டும் ஏற்றுவார். ஆயிரம் தடவை கேட்ட பாட்டிலிருந்து பேஸ் கிட்டார் மட்டும் தனியாக எழுந்து வரும். விரல் கம்பியில் உரசுவது, பாடகர் அடுத்த வரிக்கு முன் தொண்டையைச் செருமுவது எல்லாம் கேட்கும். ஸ்டீலி டான் குழுவின் 1977 ஆல்பம் 'ஏஜா' பற்றிய அத்தியாயத்தில் வால்டர் பெக்கரும் டொனால்ட் ஃபேகனும், 'பெக்' பாட்டுக்காகக் கூலிக்கு அழைத்த கிட்டாரிஸ்டுகள் வாசித்து இவர்கள் நிராகரித்த சோலோக்களை ஒன்றன்பின் ஒன்றாக ஏற்றிக் காட்டுகிறார்கள். நிராகரித்தவையும் சுத்தமான வாசிப்புகள்தான். கடைசியில் ஜே கிரேடன் வாசித்தது வரும்போதுதான் அவர்கள் எதைத் தேடினார்கள் என்று புரிகிறது. ஒரு விமர்சகர் பத்துப் பக்கம் எழுதினாலும் இதைச் சொல்ல முடியாது.

இந்தக் காட்சியை எல்லா ஆல்பத்துக்கும் எடுத்துவிட முடியாது. முதல் தடை டேப்பின் உடம்பு. எழுபதுகளின் நடுப்பகுதிக்குப் பிந்தைய ஆம்பெக்ஸ் 456 போன்ற டேப்புகளில், காந்தப் பொடியைப் பிடித்து வைத்திருக்கும் பசை காற்றின் ஈரத்தை உறிஞ்சிப் பிசுபிசுவென்று ஆகிவிடும். அப்படியே ஓட்டினால் பொடி உரிந்து மெஷின் தலையில் அப்பிக்கொள்ளும். டேப் கீச்சிடும், பதிவே போய்விடும். சீரான வெப்பம் தரும் சிறப்பு அடுப்பில் சுமார் 55 டிகிரி செல்சியஸில் எட்டு மணி நேரமோ அதற்கு மேலோ வாட்டி ஈரத்தை விரட்டி, ஆறவிட்டு, அடுத்த சில வாரங்களுக்குள் டிஜிட்டலுக்கு மாற்றிவிட வேண்டும். அறுபதுகளின் டேப்புகளுக்குப் பொதுவாக இந்த நோய் கிடையாது, அவற்றின் சிக்கல் வேறு. டேப்பில் நாலு தனித் தடங்கள் மட்டுமே உள்ள நாலு டிராக் மெஷினில் பதிந்த காலம் அது. நாலும் நிரம்பியதும் அவற்றைக் கலந்து இன்னொரு டேப்பில் ஒரே டிராக்காக இறக்கி, மிச்சத்தில் மேலும் பதிவார்கள். டிரம்மும் பேஸும் பியானோவும் ஒரே டிராக்கில் ஒட்டிக்கொண்டிருக்கும்போது எந்த ஃபேடரை ஏற்றினாலும் மூன்றும் சேர்ந்துதான் வரும். அதிகம் ஓட்டியே தேய்ந்துபோன டேப்பும் உண்டு. ஃப்ளீட்வுட் மேக் குழுவின் 'ரூமர்ஸ்' (1977) பதிவின்போது, மாதக்கணக்கில் முன்னும் பின்னும் ஓட்டியதில் டிரம் ஒலியின் கூர்மை மங்கிவிட்டது. நல்ல வேளையாக அடிப்படை டிராக்குகளுக்கு இன்னொரு டேப் பத்திரமாக இருந்தது. இரண்டு மெஷின்களையும் காதால் கேட்டு, வேகத்தைக் கையால் திருகித் திருகிச் சேர்த்துத்தான் பாட்டுகளைக் காப்பாற்றினார்கள். படங்களில் இந்தக் கதையைவிட அந்தக் குழுவின் காதல் முறிவுகளுக்கே அதிக நேரம் கிடைக்கிறது. அநியாயம்.

அடுத்தது, செலவு யாருடையது. மெட்டாலிகா குழுவின் 'சம் கைண்ட் ஆஃப் மான்ஸ்டர்' (2004) விளம்பரத்துக்கான படமாகத்தான் தொடங்கியது. பேஸ் வாசித்த ஜேசன் நியூஸ்டட் 2001இல் விலகினார். அதே வருடம் பாடகர் ஜேம்ஸ் ஹெட்ஃபீல்ட் மது மீட்பு மையத்துக்குப் போனார். குழுவைச் சேர்த்து வைக்க மாதம் 40,000 டாலரில் ஓர் ஆலோசகர். இயக்குநர்கள் ஜோ பெர்லிஞ்சரும் புரூஸ் சினோஃப்ஸ்கியும் கேமராவை நிறுத்தவில்லை. ரெக்கார்டு கம்பெனி இதை வேறு வடிவத்தில் கொண்டுவர நினைத்தபோது, குழுவே பணம் கொடுத்துப் படத்தை வாங்கி அப்படியே வெளியிட்டது. டிரம்மர் லார்ஸ் உல்ரிக்கின் அப்பா, நீண்ட தாடியோடு உட்கார்ந்து புதிய பதிவைக் கேட்டுவிட்டு, இதை அழித்துவிடு என்கிற ரீதியில் சொல்லும் இடத்தைக் குழுவே வைத்திருந்தது என்பதுதான் அந்தப் படத்தின் கௌரவம்.

எதிர்ப்பக்க உதாரணம் ரோலிங் ஸ்டோன்ஸ். 1972 அமெரிக்கச் சுற்றுப்பயணத்தைப் படமெடுக்கப் புகைப்படக் கலைஞர் ராபர்ட் ஃபிராங்கை அழைத்தார்கள். வந்த படத்தைப் பார்த்துப் பயந்து வழக்குப் போட்டுத் தடுத்தார்கள். இயக்குநர் நேரில் இருந்தால் மட்டும், வருடத்தில் மிகச் சில தடவை காட்டலாம் என்று முடிவானது. படத்தின் பெயரையும் இங்கே எழுத முடியாது. அது வேறு காரணம்.

தடுப்பதைவிட நாசூக்கான வழி, கதையை நல்ல இடத்தில் நிறுத்துவது. 'பிகமிங் லெட் செப்பலின்' படத்தில் குழுவினரைத் தவிர வேறு யாரும் பேசவில்லை. 1980இல் இறந்த டிரம்மர் ஜான் பான்ஹாமின் குரலை ஒரு பழைய பேட்டி டேப்பிலிருந்து எடுத்து வைத்திருக்கிறார்கள். பாட்டுகள் தாராளமாக, நீளமாக ஓடுகின்றன. படம் 1970 தொடக்கத்தோடு முடிந்துவிடுகிறது. எழுபதுகளில் அந்தக் குழுவைச் சுற்றி நடந்த எந்தச் சங்கடத்தையும் தொட வேண்டியதில்லை. பொய் ஒரு வரிகூட இல்லை, காலண்டரைக் கிழித்திருக்கிறார்கள், அவ்வளவுதான். 2012இல் வந்து ஆஸ்கர் வாங்கிய 'சர்ச்சிங் ஃபார் சுகர் மேன்' செய்தது இதைவிடத் துணிச்சல். தென்னாப்பிரிக்காவில் மட்டும் புகழ்பெற்று வேறெங்கும் மறக்கப்பட்டவர் பாடகர் ரொட்ரீகஸ் என்பது அதன் கதை. அவர் 1979இலும் 1981இலும் ஆஸ்திரேலியாவில் சுற்றுப்பயணம் செய்து மேடையேறியவர் என்பது படத்தில் கிடையாது. சொல்லியிருந்தால் கதையே இல்லை. ஹெவி மெட்டல் குழுக்களைப் பற்றிய பெனலோப் ஸ்பீரிஸின் 1988 படத்தில் பாடகர் ஆஸி ஆஸ்பர்ன் சமையலறையில் கை நடுங்க ஆரஞ்சு ஜூஸைக் கொட்டும் பிரபலமான காட்சி ஜோடித்தது என்று இயக்குநரே பின்னாளில் ஒப்புக்கொண்டார். கிரீம் குழுவின் டிரம்மர் ஜிஞ்சர் பேக்கர் கைத்தடியால் இயக்குநர் ஜே பல்ஜரின் மூக்கை உடைத்தது மட்டும் ஜோடனை அல்ல. பேக்கரைப் பற்றிய 2012 படத்தில் ரத்தத்தோடு அப்படியே இருக்கிறது.

அதிகாரபூர்வப் படமா என்று தெரிந்துகொள்ள முடிவு டைட்டிலில் நிர்வாகத் தயாரிப்பாளர் பெயர்களைப் பாருங்கள். குழுவின் மேனேஜர் பெயர் அங்கே இருந்தால் கடைசி இருபது நிமிடம் எதைப் பற்றியது என்று முன்பே சொல்லிவிடலாம்: புது ஆல்பம், ஒன்றுசேர்ந்த சுற்றுப்பயணம், அல்லது நாற்பதாம் ஆண்டு பெட்டி செட். அந்த இருபது நிமிடத்தைத் தவறவிட்டவர் எதையும் இழக்கவில்லை.

பீட்டர் ஜாக்சனின் 'கெட் பேக்' (2021) மேலே சொன்ன கதையச்சு எதிலும் அடங்கவில்லை. 1969 ஜனவரியில் பீட்டில்ஸ் ஒத்திகை பார்த்ததை டிவி நிகழ்ச்சிக்காக மைக்கேல் லிண்ட்சே ஹாக் 16 மில்லிமீட்டரில் எடுத்தார். ஜாக்சன் கைக்கு வந்தது ஏறக்குறைய 60 மணி நேரக் காட்சியும் 150 மணி நேரத்துக்கு மேல் ஒலியும். ஒலி அதிகம், காட்சி குறைவு. காரணம் எளிது: 400 அடி 16 மில்லிமீட்டர் சுருள் பதினோரு நிமிடத்தில் தீர்ந்துவிடும், விலையும் அதிகம், நாக்ரா ஒலிப்பதிவுக் கருவியின் டேப் அதைவிட நீளம், மலிவு. அதனால் படத்தில் பல உரையாடல்களுக்கு உதடு தெரியாது. தொடர்பில்லாத முகங்கள் மேலே ஓடும். கேமரா இருக்கிறது என்று தெரிந்த பீட்டில்ஸ், ரகசியம் பேசும்போது கிட்டாரை உரக்க மீட்டிப் பேச்சை மூடியிருக்கிறார்கள். ஒரே டிராக்கில் பதிந்த ஒலியிலிருந்து கிட்டாரையும் குரலையும் தனித்தனியாகப் பிரிக்கக் கணினிக்குப் பயிற்சி கொடுத்து, அந்த ரகசியத்தை ஐம்பது வருடம் கழித்துத் திறந்தார்கள். ஜார்ஜ் ஹாரிசன் விலகிப் போன பிறகு லெனனும் மெக்கார்ட்னியும் சாப்பாட்டு அறையில் பேசியதற்குச் சாட்சி, பூந்தொட்டிக்குள் ஒளித்து வைத்த மைக்.

எட்டு மணி நேரத்துக்குச் சற்றுக் குறைவான அந்தப் படத்தில் பாதி நேரம் ஒன்றும் நடக்காது. தேநீர், டோஸ்ட், செய்தித்தாள், அரைகுறையாக வாசிக்கும் பழைய பாட்டு. அந்த வெட்டிப் பொழுதின் நடுவில் மெக்கார்ட்னி பேஸ் கிட்டாரைத் தட்டித் தட்டி, இரண்டு மூன்று நிமிடத்தில் 'கெட் பேக்' பாட்டு உருப்பெறுவது தெரியும். பக்கத்தில் ஹாரிசன் கொட்டாவி விடுகிறார். நாற்பத்து நாலு நிமிட விஎச்1 அத்தியாயத்தில் கொட்டாவிக்கு இடமில்லை.

சேர்ந்து கிட்டார் வாசித்துப் பார்ப்பவர்களுக்கு ஒரு குறிப்பு. நொடிக்கு 24 பிரேமில் எடுத்த பழைய கச்சேரிப் படங்களை ஐரோப்பிய டிவிக்கும் டிவிடிக்கும் மாற்றியபோது 25இல் ஓட்டினார்கள். வேகம் நாலு சதவீதம் கூடும். சுருதி ஓர் அரைச்சுரத்தில் கிட்டத்தட்ட முக்கால் பங்கு ஏறும். ஈ ஸ்வரத்தில் வாசித்த பாட்டு எஃப்பை எட்டிப் பார்க்கும், உங்கள் கிட்டார் எதோடும் சேராது. விஎல்சி பிளேயரில் வேகத்தை 0.96 என்று வைத்தால் படம் அசல் வேகத்துக்கு வரும். சுருதியும் இறங்க வேண்டுமென்றால் ஆடியோ அமைப்புகளில் டைம் ஸ்ட்ரெச்சிங் என்று இருப்பதை அணைத்துவிட வேண்டும். அது இயங்கிக்கொண்டிருந்தால் வேகம் மட்டும் குறையும், சுருதி ஏறியபடியே நிற்கும். சில டிவிடிகளில் சுருதியை முன்பே சரிசெய்திருப்பார்கள். அதனால் திருகுவதற்கு முன் ஆல்பத்தில் உள்ள பதிவோடு ஒரு வரியை ஒப்பிட்டுப் பார்த்துக்கொள்ளுங்கள்.